காப்புத் தட்டும் உப்புக் காற்றும்

காரைக்கால் மாவட்டத்தின் கடலோர மீனவக் கிராமங்களில் ஒன்று கருக்களாச்சேரி. இந்தக் கரையில் படகு வைத்திருப்பவர்கள் படகின் அடியைத்தான் முதலில் பார்ப்பார்கள். மணலில் இழுபடுவது அதுதான். கடல்நீரில் ஊறிக் கிடப்பதும் அதுதான். மேலே அடித்த வண்ணம் மங்கினால் பொறுத்துக்கொள்ளலாம், அடியில் கண்ட விரிசலைப் பொறுக்க முடியாது. அதே தெருவில் நிற்கும் காரின் அடியையோ, சர்வீசுக்கு விடும் நாள்வரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

இன்ஜினுக்கு அடியில் ஒரு காப்புத் தட்டு போடலாமா என்ற கேள்வி கார் வைத்திருப்பவர்களுக்கு ஏதாவது ஒரு நாள் வந்தே தீரும். புது வண்டி ஒரு வேகத்தடையில் 'டொக்' என்று தட்டும்போது வரும். மழைநீரில் ஓட்டிவந்த மறுநாள் அடியிலிருந்த பிளாஸ்டிக் மூடி கிழிந்து தொங்கும்போது வரும். உதிரிபாகக் கடையில் இரும்புத் தட்டைப் போடச் சொல்வார்கள். ஷோரூமில் வேண்டாம் என்பார்கள். தெரிந்த மெக்கானிக் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் சொல்வார். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் மூவரும் கல்லையும் மேட்டையும் மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். கடற்கரையில் வாழ்பவர்கள் உப்பையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கிறது. கல்லை மறிக்கப் போட்ட தட்டு உப்பைத் தேக்கும் தட்டாகிவிடக் கூடாது. இக்கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

ஒரே இடம், இரண்டு தட்டுகள்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒர்க்‌ஷாப்பில் 'அண்டர் கவர்' என்று சொல்லப்படுவது கம்பெனியே பொருத்தித் தரும் மெல்லிய பிளாஸ்டிக் அல்லது அழுத்திய நார்த் தகடு. சேறும் நீரும் பெல்ட், ஆல்டர்னேட்டர் மீது தெறிக்காமல் தடுப்பது அதன் வேலை. அடியில் ஓடும் காற்றைச் சீராக்கி எரிபொருளை மிச்சப்படுத்தவும், இன்ஜின் ஓசையைக் குறைக்கவும் அது உதவுகிறது. கல்லையோ வேகத்தடையையோ தாங்குவதற்காக அது செய்யப்படவில்லை.

'இன்ஜின் கார்டு' அல்லது 'சம்ப் கார்டு' என்பது வேறு. அது இரும்பிலோ அலுமினியத்திலோ கெட்டியான பிளாஸ்டிக்கிலோ செய்யப்பட்டு, இன்ஜினைச் சுமக்கும் சட்டமான சப்ஃபிரேமில் போல்ட்டால் முடுக்கப்படுவது. அடி விழுந்தால் அந்த விசையைத் தான் வாங்கிச் சட்டத்துக்குக் கடத்த வேண்டும். இந்தத் தட்டின் பழைய வீடு ராலிப் பந்தயம். 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவையொட்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவில் தொடங்கிய சஃபாரி ராலி போன்ற கரடுமுரடான பந்தயங்களில் சம்ப் கார்டு இல்லாமல் வண்டி எல்லையைத் தொடுவது கடினம். ரஷ்யாவிலும் உக்ரைனிலும் சாதாரணக் குடும்பக் கார்களுக்கே இரும்புத் தட்டு போடும் வழக்கம் பரவலாக உண்டு. பனியும் குண்டும் குழியும் நிறைந்த அந்தச் சாலைகள் அதைக் கேட்கின்றன.

நம் ஊரில் பலர் முதல் வகை கிழிந்ததும் அதற்கு மாற்றாக இரண்டாம் வகையைப் போட்டுவிடுகிறார்கள். நீரையும் சேற்றையும் மறிக்க வேண்டிய இடத்தில் பத்துக் கிலோ இரும்பு வந்து உட்கார்ந்துவிடுகிறது. எதிலிருந்து காப்பு வேண்டும் என்று கேட்டுக்கொள்ளாமல் தட்டு வாங்குவதால் வரும் வினை இது.

அடியில் என்ன இருக்கிறது?

இன்றைய பெரும்பாலான கார்களில் இன்ஜின் குறுக்காக அமர்ந்து முன்சக்கரங்களை ஓட்டுகிறது. அதன் மிகத் தாழ்ந்த உறுப்புகளில் ஒன்று ஆயில் சம்ப். மூன்று நான்கு லிட்டர் எண்ணெய் தேங்கி நிற்கும் தொட்டி அது. தொட்டிக்குள், அதன் தரையிலிருந்து சில மில்லிமீட்டர் உயரத்தில், எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாய் வலை போட்டு நிற்கும்.

சம்ப் இரண்டு விதமாகக் கெடும். வார்ப்பு அலுமினியமாக இருந்தால் கூரிய கல் பட்டதும் விரிசல் விடும். எண்ணெய் ஒழுகித் தீர்ந்துவிடும். தகட்டு இரும்பாக இருந்தால் உடையாது, நசுங்கும். நசுங்கல்தான் ஏமாற்றுவது. வெளியே ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தெரியாது. உள்ளே தரை எழும்பி உறிஞ்சு வாயை அடைத்திருக்கும். எண்ணெய் மேலேறாமல் பேரிங்குகள் வறண்டு, சற்று நேரத்தில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் அழுத்த விளக்கு சிவப்பாக எரிந்தால் "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போய்விடலாம்" என்று ஓட்டவே கூடாது என்பது இதனால்தான்.

பணத்தையும் இங்கே பார்க்க வேண்டும். அடிபட்ட சம்ப்பை மாற்றும் செலவை வழக்கமான முழுக் காப்பீடு ஏற்கலாம். எண்ணெய் இல்லாமல் ஓட்டியதால் கெட்ட இன்ஜினைத் 'தொடர் விளைவு இழப்பு' என்று ஒதுக்கிவிடுவார்கள். அதற்கென்று 'இன்ஜின் பாதுகாப்பு' என்ற கூடுதல் காப்பு தனியாக விற்கப்படுகிறது. அடிபட்டு எண்ணெய் ஒழுகுவதும், நீர் புகுவதும் அதில் அடங்கும். வெள்ளம் வரும் ஊரில் தட்டு வாங்கும் முன் இந்தப் பத்திரத்தை எடுத்துப் படிப்பது நல்லது. காற்று உறிஞ்சும் வழியாகத்தான் வெள்ளநீர் இன்ஜினுக்குள் போகிறது. அதை எந்த அடித்தட்டும் தடுக்காது.

டெல்டாச் சாலைகள் செய்வது

வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு உண்டு. 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு, 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கார் அலுங்காமல் கடந்துவிடலாம். தெருக்களில் நாம் ஏறி இறங்குவதோ பெரும்பாலும் குறுகலாக, செங்குத்தாக எழுப்பிய மேடுகள். மேட்டின் உயரத்தைவிட அதன் குறுகலே அதிகம் கெடுக்கிறது. முன்சக்கரம் இறங்கி ஸ்பிரிங் அமுங்கும் அந்த நொடியில் இன்ஜினின் அடி மேட்டின் முதுகுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

மாருதி சுசுகி ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். டாடா நெக்ஸானுக்கு 208. விளம்பரத்தில் வரும் எண்களை ஒப்பிடும்போது அவை வண்டி காலியாக நிற்கும்போது அளந்தவையா என்று பார்க்க வேண்டும். 2023 ஜூலையில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றத்தின் 50ஆவது கூட்டம்கூட, பயன்பாட்டு வாகனங்களுக்கான வரிக்குத் தரை இடைவெளியைச் சுமையில்லாத நிலையில்தான் கணக்கிட வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி என்று ஒரே பயணத்தில் சுற்றிவரும் வாடகைக் கார் எதுவும் காலியாகப் போவதில்லை. ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறியபின் எத்தனை மிச்சம் என்பதை வீட்டு வாசலில் ஒரு அளவுகோல் வைத்தே அளந்துவிடலாம். தட்டு வேண்டுமா என்ற கேள்விக்குப் பாதி விடை அதில் கிடைத்துவிடும்.

இன்னொன்று காவிரிப் படுகையில் அடிக்கடி காண்பது. சம்பா அறுவடைக்குப் பிறகும், உளுந்தும் பயறும் பிடுங்கிய பிறகும், களம் இல்லாத உழவர்கள் கதிரையும் செடியையும் சாலையில் பரப்புகிறார்கள். போகிற வண்டிச் சக்கரங்களே போரடித்துக் கொடுக்கின்றன. அப்போது வைக்கோலும் காய்ந்த கொடியும் காரின் அடியில் சுற்றிக்கொள்ளும். ஓடும் வண்டியின் புகைக்குழாயிலுள்ள வினையூக்கிப் பெட்டி (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) 400 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ந்திருக்கும். தட்டுக்கும் அந்தப் பெட்டிக்கும் இடையே செருகிக்கொண்ட ஒரு பிடி வைக்கோல் தீப்பிடிக்கப் போதும். இங்கே தட்டு வைக்கோலைத் தடுக்கவும் செய்யும், சேர்த்து வைக்கவும் செய்யும். அதன் பின்விளிம்பு எங்கே முடிகிறது, வெட்டு எப்படி இருக்கிறது என்பதே எது நடக்கும் என்று தீர்மானிக்கிறது. அறுவடைச் சாலையைக் கடந்து வந்ததும் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்து, சிக்கியதை உருவி எறிவது தட்டு போட்டவருக்கும் போடாதவருக்கும் பொதுவான கடமை.

ஷோரூமில் ஏன் தயங்குகிறார்கள்?

வேண்டாம் என்பவர்களின் காரணங்களை விற்பனைத் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது.

முதலாவது வெப்பம். ரேடியேட்டரைக் கடந்து வரும் சூடான காற்று பெரும்பாலும் கீழ்வழியாகத்தான் வெளியேறுகிறது. சம்ப்பும் ஓடும் காற்றில் ஆறுகிறது. துளையே இல்லாத தட்டை முழு அகலத்துக்கும் போட்டால், சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டு நெரிசலில் நிற்கும் வண்டியின் காற்றாடி ஓயாமல் சுற்ற வேண்டிவரும்.

இரண்டாவது மறைப்பு. எண்ணெய்க் கசிவு தொடங்கினால் காலையில் வாசலில் ஒரு கறுப்புப் பொட்டு தெரியும். அதுதான் நமக்கு முதல் எச்சரிக்கை. தட்டு இருந்தால் அந்தச் சொட்டு தட்டிலேயே தேங்கிவிடும். அறுவடை முடிந்து வயலைவிட்டு ஊருக்குள் வரும் எலிகளுக்கும் அந்த மறைவு வசதியான இடம்.

மூன்றாவது மோதல். முன்பகுதி எந்த வரிசையில் மடங்க வேண்டும், சப்ஃபிரேமும் இன்ஜினும் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதைக் கணக்கிட்டே இன்றைய கார்களை வடிவமைக்கிறார்கள். முன் குறுக்குச் சட்டத்தையும் பின்னால் உள்ள சப்ஃபிரேமையும் ஒரே கனத்த இரும்பால் பிணைத்தால் அந்தக் கணக்கு மாறலாம். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முன்பக்கத் தடுப்புக் கம்பிகளுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது நினைவிருக்கும். அது பேசியது முன்பக்கக் கம்பிகளைப் பற்றித்தான். ஆனாலும் மோதும்போது வண்டி நடந்துகொள்ள வேண்டிய முறையில் வெளியிலிருந்து எதையும் நுழைக்காதே என்ற அதன் படிப்பினை அடிப்பக்கத்துக்கும் பொருந்தும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே சட்டத்தை அறுப்பது, துளையிடுவது, வெல்டிங் வைப்பது எதுவும் வேண்டாம். ஏற்கெனவே உள்ள துளைகளில், அந்த மாடலுக்கென்றே செய்த தட்டைக் கழற்றக்கூடிய விதத்தில் பொருத்துவதே முறை.

உப்பு எப்படி வேலை செய்கிறது?

மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். காரின் அடியில் படிந்த கடலுப்பு மழை பெய்யாத நாளிலும் ஈரமாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். உப்பு கலந்த அந்த ஈரப்படலம் இரும்பை ஓயாமல் தின்கிறது.

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கிவருகிறது. உலோக அரிப்பு அதன் முக்கியத் துறைகளுள் ஒன்று. நாட்டின் அரிப்பு வரைபடத்தைத் தயாரித்த நிறுவனம் அது; மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்கும் நிலையமும் அதற்கு உண்டு. இத்தகைய சோதனைகள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். அலை உடையும் கோட்டுக்கு அருகே அரிப்பு மிக வேகம். உள்நாடு செல்லச் செல்ல அது சட்டென்று தணிகிறது. திருச்சியில் பத்து ஆண்டு தாங்கும் தகடு கடற்கரைத் தெருவில் அத்தனை நாள் தாங்கும் என்று நம்ப முடியாது.

இப்போது தட்டைப் பாருங்கள். விளிம்பு மடித்த தட்டு ஒரு தாம்பாளம்தான். முன்னாலிருந்து வரும் மணல், மேலிருந்து சொட்டும் ஏ.சி. நீர், சக்கரம் தெறிக்கும் சேறு எல்லாம் அதில் தேங்கும். ஈரமணல் இரும்பின்மேல் போட்ட பற்றுப்போலப் படிந்து, உள்ளே காற்றுப் புகாமலும் காயாமலும் இருக்கும். தட்டு மட்டும் துருப்பிடித்தால் போகட்டும் என்று விடலாம். அது தொட்டுக்கொண்டிருக்கும் சப்ஃபிரேமும் சேர்ந்து துருப்பிடிக்கும். முன்சக்கரங்களும் ஸ்டியரிங்கும் நம்பியிருக்கும் சட்டம் அது.

மீன் ஏற்றும் சிறு சரக்கு வண்டிகளின் பாடு இன்னும் மோசம். 2005இல் வந்த டாடா ஏஸ் போன்ற வண்டிகளில் இன்ஜின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. பின்னால் பெட்டிகளில் பனிக்கட்டி உருகி, மீன் உப்பும் சேர்ந்த நீர் சட்டத்தின்மேல் வழிந்துகொண்டே போகும். இவற்றுக்குக் கெட்டித் தட்டைவிட, பெட்டி நீரைக் குழாய் வைத்துச் சட்டத்தில் படாமல் கீழே விடுவதே பெரிய காப்பு.

எந்தப் பொருள்?

70 சென்டிமீட்டர் நீளமும் 90 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். 2 மில்லிமீட்டர் இரும்பில் அது கிட்டத்தட்ட 10 கிலோ இருக்கும். 4 மில்லிமீட்டர் அலுமினியத்தில் ஏறக்குறைய 7 கிலோ. 6 மில்லிமீட்டர் கெட்டிப் பாலித்தீனில் மூன்றரைக் கிலோ சொச்சம்.

இரும்பு மலிவு, வளைந்தாலும் தட்டி நிமிர்த்தலாம். ஆனால் அதன்மேல் பூசிய பவுடர் கோட்டிங் முதல் கல் பட்ட இடத்தில் பெயர்ந்துவிடும். பெயர்ந்த இடத்திலிருந்து துரு பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும். இரும்புதான் வேண்டுமென்றால் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததை வாங்க வேண்டும். கீறல் விழுந்த இடத்தில் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. குளோரைடு அதில் புள்ளிப் புள்ளியாகக் குழி பறிக்கும். மக்னீசியம் கலந்த 5052 போன்ற கலவைகள் கடற்காற்றை நன்றாகத் தாங்குகின்றன. அலுமினியத்தை இரும்புச் சட்டத்தோடு நேராக வைத்து முடுக்கினால், இடையில் உப்புநீர் சேர்ந்து ஒரு சிறு மின்கலமே உருவாகி, தொடும் இடங்களில் அலுமினியம் கரையும். ரப்பர் புஷ்ஷோ நைலான் வாஷரோ இடையில் வைத்து இரண்டையும் பிரித்தால் போதும்.

கெட்டிப் பாலித்தீனை உப்பு ஒன்றும் செய்யாது. மேட்டில் உரசினால் வழுக்கிக்கொண்டு போகும், அமுங்கி மீளும். சூடுதான் அதற்கு ஆகாது. 130 பாகை வாக்கில் உருகிவிடும். எனவே புகைக்குழாயிலிருந்து நன்றாக விலகி நிற்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் வேகமாகப் பிடித்தன. கண்ணாடியிழைப் பாயை விரித்து ரெசின் தடவும் கைவேலை ஊருக்கு ஊர் தெரிந்திருக்கிறது. அதே முறையில் காருக்கும் தட்டு செய்யலாமே என்று தோன்றுவது இயல்பு. படகுக்கு ஊற்றும் சாதாரண பாலியெஸ்டர் ரெசின் கடலில் குளிர்ந்த நீரோடு வாழ்வது. இன்ஜின் சூட்டில் அது வலுவிழக்கும், தீயும் பிடிக்கும். ஆகவே அந்தத் திறமையை இங்கே அப்படியே கொண்டுவர வேண்டாம்.

நாள்தோறும் கடற்காற்றில் நிற்கும், பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓடும் காருக்கு என் பரிந்துரை இது: கம்பெனியின் அண்டர் கவரை நல்ல நிலையில் வைத்திருங்கள்; கிழிந்தால் அதையே வாங்கிப் போடுங்கள். சுமையோடு அடிக்கடி அடி தட்டும் வண்டிக்கு, துளைகளுள்ள அலுமினியத் தட்டையோ கெட்டிப் பாலித்தீன் தட்டையோ தேர்ந்தெடுங்கள். உட்புறச் சாலைகளிலும் கல் நிறைந்த தடங்களிலும் ஓடும் வண்டிக்கே இரும்பு.

பொருத்தும் முறை

வண்டியை லிப்ட்டில் ஏற்றியோ, பிட் மேல் நிறுத்தியோதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. வீட்டில் செய்பவர்கள் கட்டாயம் தாங்கு ஸ்டாண்டுகளை வைக்க வேண்டும். முதலில் பழைய மண்ணைக் கழுவி, சப்ஃபிரேமில் ஏற்கெனவே துரு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சுரண்டி பிரைமர் அடித்துக் காயவிட வேண்டும். துருவின்மேல் தட்டை மூடுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவது போன்றது.

ரப்பர் மவுண்டுகளில் உட்கார்ந்திருக்கும் இன்ஜின் முடுக்கும்போதும் நிறுத்தும்போதும் அசையும். சம்ப்புக்கும் தட்டுக்கும் இடையே ஓர் அங்குலமாவது விட்டால்தான் அது தட்டாது. தட்டு அடிவாங்கி வளைந்தாலும் சம்ப்பைத் தொடாது. எண்ணெய் வடிக்கும் நட்டுக்கும் ஃபில்டருக்கும் நேரே வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் தட்டைக் கழற்ற வேண்டிவரும். அவசரத்தில் இரண்டு போல்ட் மாட்டாமல் போய்விடும். மிகத் தாழ்ந்த இடங்களில் நீர் வடியத் துளை வேண்டும். போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவி, டார்க் ரெஞ்சில் சரியான அளவுக்கு முடுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும். தளர்ந்த தட்டு நெடுஞ்சாலையில் கழன்று விழுந்தால் பின்னால் வருபவரின் உயிருக்கு ஆபத்து.

பேட்டரிக்கும் அதே கேள்வி

மின்சார கார்களில் இன்ஜின் இல்லை, சம்ப்பும் இல்லை. ஆனால் அடி முழுவதும் பேட்டரி. 2013 அக்டோபரிலும் நவம்பரிலும் அமெரிக்காவில் இரண்டு டெஸ்லா மாடல் எஸ் கார்கள் சாலையில் கிடந்த இரும்பில் அடிபட்டுத் தீப்பிடித்தன. ஏற்கெனவே கால் அங்குல அலுமினியம் காத்திருந்த பேட்டரிக்கு, 2014 மார்ச்சில் டைட்டானியத் தகடு ஒன்றையும் அலுமினிய உறுப்புகள் இரண்டையும் அந்த நிறுவனம் கூடுதலாகச் சேர்த்தது. இங்கே உரிமையாளர் தன் விருப்பத்துக்குத் தட்டு போட இடமில்லை. பேட்டரியின் வெப்பக் கணக்கும் மின்காப்பும் தயாரிப்பாளர் கையில் இருப்பவை. நாம் செய்யக்கூடியது ஒன்று: அடி பலமாகப் பட்டால், வண்டி நன்றாக ஓடினாலும், அன்றே லிப்ட்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்வது.

படகிடமிருந்து கற்பது

தட்டு போட்டாயிற்று என்று மறந்துவிடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு. கழுவினால்தான் தட்டு காக்கும். அதிலும் கவனம் வேண்டும். கடலோரத்தில் பல ஆழ்குழாய்களின் நீர் உவர்ப்பு. அந்த நீரால் அடியைக் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. குடிக்கும் தரமுள்ள நீரோ சேமித்த மழைநீரோ ஓரிரு குடம் இருந்தாலும் போதும். தட்டின் உள்பக்கம் அது சேர வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்துப் பெருகவென்று வைத்த அந்த நாட்களில்தான் விசைப்படகுகளைக் கரையேற்றி, அடியைச் சுரண்டி, பழுதுபார்த்து, வண்ணம் பூசுகிறார்கள். ஓடாத நாட்களில் அடியைப் பார்ப்பது இந்தக் கரையின் பழக்கம். காருக்கும் அதே நாட்களைக் குறித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தடைக்காலத்திலும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் இன்னொருமுறையும் தட்டை முழுவதும் கழற்றி, மணலைக் கொட்டி, சட்டத்தைத் தடவிப் பார்த்து, நல்ல நீரில் கழுவிக் காயவைத்து மாட்டினால், எந்தப் பொருளில் செய்த தட்டும் தன் வேலையைச் செய்யும். கருக்களாச்சேரியில் படகுக்குத் தெரிந்த இந்த ஒழுங்கு காருக்கும் வந்துவிட்டால், கல்லையும் உப்பையும் சேர்த்தே சமாளிக்கலாம்.